உச்சியில் ஒரு முடிச்சு

முடிச்சு அவிழவில்லை. நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டு மலர்க்கொடி கத்தரிக்கோலை எடுத்தாள். பெரியவரின் தாடையையும் காதுகளையும் மூடிச் சுற்றியிருந்த வெள்ளைத் துணி உச்சந்தலையில் இறுக முடிந்திருந்தது. மார்கழிப் பனி. இந்த மாதத்தில் வெளியூரிலிருந்து காரில் வருகிறவர், பஸ்ஸில் வருகிறவர் எல்லோருமே காதை மூடிக்கொண்டுதான் வருகிறார்கள். ஒரே வெட்டு. துணியைக் கட்டிலுக்கடியில் இருந்த வாளியில் எறிந்தாள்.

"மாஸ்க் வைங்க சிஸ்டர். சீக்கிரம்."

டாக்டர் பரிதி நெஞ்சின் மேல் இரு கைகளையும் ஊன்றி அழுத்தத் தொடங்கினான். அவனுக்கு இன்னும் மீசை சரியாக அடரவில்லை. அழுத்தினான், நிறுத்தினான், கண்ணில் டார்ச் அடித்தான், மறுபடி அழுத்தினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் கைகளை எடுத்துவிட்டு, அழுத்தின கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வரும்போதே இல்ல சிஸ்டர்."

"சொல்லிடுங்க டாக்டர். வெளிய அவங்க சம்சாரம் நிக்கிறாங்க."

"கூட யாரு இருக்கா?"

"ஒரு பொண்ணு. மாசமா இருக்கா."

"ஆம்பள?"

இல்லை என்று தலையசைத்தாள். மாஸ்க்கை எடுக்கப் போன அவள் கையை மெல்லத் தடுத்தான். "இருக்கட்டும். டிரிப்பும் ஓடட்டும். யாராச்சும் வந்ததும் சொல்லிக்கலாம்."

அது தீபாவளிக்குப் பிறகு வந்த உத்தரவு. வெளிநாட்டுப் பணம் ஊருக்குள் புழங்க ஆரம்பித்த பிறகு, தஞ்சாவூர்ப் புறவழிச்சாலையில் எழும்பிய புதிய தனியார் ஆஸ்பத்திரி அது. வாசலில் ஆள் உயரக் கண்ணாடிக் கதவு. தீபாவளி சமயத்தில் ஒரு சாவைத் தனியாக நின்ற பெண்ணிடம் சொல்லப்போய், அவள் போட்ட கூச்சலில் வெளியே நின்ற உறவுக்காரர்கள் திரண்டு வந்து கதவை நொறுக்கிவிட்டார்கள். இப்போது அங்கே ஒட்டுப்பலகை. வார்டு ஊழியர் கண்ணுசாமியின் புருவத்தில் தையல் தழும்பு. அன்றிலிருந்து பொறுப்பான ஆண் ஒருவர் வந்து சேரும்வரை இங்கே யாரும் சாவதில்லை. திரைக்குப் பின்னால் ஆக்சிஜன் சீறிக்கொண்டிருக்கும். குளுக்கோஸ் சொட்டிக்கொண்டிருக்கும். பொய்யை வெளியே எடுத்துக்கொண்டு போவது நர்ஸ்களின் வேலை.

மலர்க்கொடி இரவு டியூட்டியை முடித்திருக்க வேண்டியவள். அவளை மாற்ற வேண்டியவள் வரவில்லை. கால்கள் ஈரக் களிமண்ணாகக் கனத்தன. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

பலகைப் பெஞ்சில் மெஹராஜ் பேகம் உட்கார்ந்திருந்தார். மேலே போர்த்திய வெள்ளைத் துப்பட்டி. பக்கத்தில் மகள் ஷமீரா, இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி. மலர்க்கொடியைக் கண்டதும் மகள்தான் எழப் பார்த்தாள்.

"அத்தாவுக்கு எப்படி இருக்கு சிஸ்டர்? கார்ல பேசவே இல்ல. தூங்குறாங்க, பேச்சுக் குடுக்காதன்னு அம்மா சொல்லிக்கிட்டே வந்தாங்க. நான் முன்னாடி சீட்டுல இருந்தேன், திரும்பக்கூட முடியல."

"வைத்தியம் நடக்குதும்மா. உக்காருங்க."

சொல்லிவிட்டாள். தாயின் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துவிடலாம் என்று திரும்பியபோது, மெஹராஜ் பேகம் அவள் கையைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது.

"தங்கச்சி, இவளுக்குக் கொஞ்சம் பிரஷர் பாருங்களேன். எட்டு மாசம். போன தடவை ஏழாம் மாசத்துலயே தவறிப்போச்சு. கிறுகிறுன்னு வருதுங்கிறா."

கண்ணுசாமி குறுக்கே வந்தார். "ஏம்மா, யாருக்கு வைத்தியம் பார்க்க வந்தீங்க? பிரசவ டாக்டரம்மாவப் பாக்கணும்னா சீட்டுப் போட்டுட்டு அந்தப் பக்கம் போய் உக்காரணும். முதல்ல ஆம்பள யாரையாச்சும் வரச்சொல்லுங்க."

"தம்பி சைபுல்லா திருத்துறைப்பூண்டிலேந்து வந்துக்கிட்டிருக்கான்."

"மகன், மருமகன்?"

"ரெண்டு பேரும் ஷார்ஜாவுல."

"அதானே. ஊரு ஆம்பள பூராவும் ஒட்டகம் மேய்க்கப் போயிட்டா, நாங்க சுவத்துக்கிட்டயா பேசுறது?"

"ஒட்டகம் இல்லைங்க. மளிகைக் கடை," என்றார் மெஹராஜ் பேகம், அமைதியாக.

கண்ணுசாமி புருவத் தழும்பைச் சொறிந்துகொண்டு ஒட்டுப்பலகைக் கதவுப் பக்கம் போய்விட்டார். மலர்க்கொடியும் உள்ளே போனாள். விபத்துக்கேஸ் ஒன்று வந்தது. டிராக்டர் கவிழ்ந்த ஆள், அவனைச் சுற்றி ஏழெட்டு ஆண்கள். அவர்களுக்கு டாக்டர் பரிதி வெளியே வந்து எலும்பின் படத்தைக் காட்டி நிதானமாக விளக்கினான். பெஞ்சைத் தாண்டித்தான் போனான். மெஹராஜ் பேகம் எழுந்து, "டாக்டர், என் மக..." என்றார். "பாத்துக்கிட்டிருக்கோம்மா, பாத்துக்கிட்டிருக்கோம்," என்றபடி நடந்தான்.

அந்தம்மாள் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது மலர்க்கொடிக்கு உறுத்தியது. எல்லோரும் கேட்பார்கள். காலைப் பிடிப்பார்கள், திரையை இழுப்பார்கள், திட்டுவார்கள். இவர் ஒவ்வொரு முறையும் மகளைத்தான் காட்டினார். எவ்வளவு நம்பிக்கை நம் மேல் என்று நினைத்தாள். நினைத்ததும் உள்ளே இருந்த பொய் இன்னும் கனத்தது. ஷமீராவின் உதடு வெளுத்திருந்தது. பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள்.

போதும் என்று தோன்றியது. உத்தரவு போட்டவர்கள் ஏசி அறையில் இருக்கிறார்கள்.

மலர்க்கொடி ஷமீராவைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துவந்து, கோடியில் காலியாக இருந்த கட்டிலில் படுக்கவைத்தாள். பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்தாள். அளவு ஏறித்தான் இருந்தது. இடப்பக்கமாகத் திருப்பிவிட்டு, "கண்ணுசாமியண்ணே, பிரசவ டாக்டரம்மாவ உடனே கூப்பிடுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க," என்றாள்.

"சீட்டு போடலையே?"

"என் தலையில போடுங்க. போங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஓடினார்.

மெஹராஜ் பேகம் திரையருகே வந்து நின்றார். விலக்கிப் பார்க்கவில்லை.

"டாக்டரம்மா வந்துடுவாங்களா?"

"வந்துடுவாங்கம்மா."

"என்ன நடந்தாலும் அவ பக்கத்துலயே இருப்பாங்கள்ல?"

"இருப்பாங்க."

அந்த அம்மாள் மூச்சை வெளியே விட்டார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு. "அப்ப சரி தங்கச்சி. தம்பி வர வரைக்கும் காத்திருக்க வேணாம். அவகிட்ட நானே சொல்லிடுறேன்."

மலர்க்கொடி சட்டென்று திரும்பினாள். "என்னத்தம்மா சொல்லப்போறீங்க?"

அந்தம்மாளின் பார்வை திரைக்கடியில் தெரிந்த வாளிக்கும் அதில் கிடந்த வெட்டிய துணிக்கும் போனது. மெஹராஜ் பேகம் துப்பட்டியின் ஓரத்தைப் பல்லில் கடித்தார். நீளவாக்கில் கிழித்தார். அந்த ஓரத்தில் ஏற்கெனவே ஒரு பட்டை இல்லை. அறுந்த நூல்கள் தொங்கின.

"முதல்ல கட்டுனத நீங்க வெட்டிட்டீங்க. வாய் தொறந்துக்கும். அவ அத்தாவ அப்படிப் பாக்கக் கூடாது."

"எப்பம்மா..."

"ஒரத்தநாடு தாண்டையில. என் மடியிலதான். வண்டியத் திருப்புன்னா டிரைவர் ஏன்னு கேப்பாரு, அவ காதுல விழும். நடுரோட்டுல அவளுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் யாரத் தேடுவேன்? இங்கன்னா டாக்டருங்க இருப்பீங்கன்னு வந்தேன்."

கோடிக் கட்டிலிலிருந்து, "அம்மா, அத்தா முழிச்சிட்டாங்களா?" என்று ஷமீரா கேட்டாள்.

"இந்தா வர்றேன்மா," என்று குரல் நடுங்காமல் சொல்லிவிட்டு, துணிப்பட்டையை மலர்க்கொடியின் உள்ளங்கையில் வைத்தார். "உச்சியிலயே முடிஞ்சிடுங்க."

மலர்க்கொடி திரைக்குள் போனாள். முதலில் ஆக்சிஜனை மூடினாள்.