நாளொன்றுக்குப் பத்து வரி

கறம்பக்குடியில் எழிலரசனுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டவர்கள் உண்டு. அவன் ரவுடி இல்லை. முகமது ரபீக் பாயின் பிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பேனர் டிசைன் பண்ணுகிறவன், அவ்வளவுதான். ஆனால் அவன் காதில் விழும்படி யாராவது நாலு வார்த்தை நன்றாகப் பேசிவிட்டால் போதும், அடுத்த வாரமே அது எவர் வீட்டுக் காதுகுத்திலோ பன்னிரண்டுக்கு எட்டு அடியில் தொங்கும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அவனும் எல்லா டிசைனர்களையும் போலத்தான் இருந்தான். கல்யாணம் என்றால் ரெண்டு மயில், இறப்பு என்றால் ஒரு விளக்கு, அதன் கீழே எல்லாக் கடையிலும் கிடைக்கிற அதே வாசகம். ஒருநாள் ஒரே தெருவில் அடுத்தடுத்து மூன்று வீட்டு வாசலில் ஒரே வாசகம் நின்றதைப் பார்த்தான். மூன்றும் அவன் அடித்தது. அன்றைக்குப் பிடித்தது அவனை இந்தப் பைத்தியம். நாளொன்றுக்குப் பத்து வரி, பொழுது சாய்வதற்குள், மனிதர்கள் வாயிலிருந்து நேராகப் பிடிக்க வேண்டும் என்று சபதம் எடுத்தான். பிடித்ததை அப்போதே போனில் தட்டித் தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வான்.

நல்ல பழக்கம்தான், யார் இல்லையென்றது. சந்தையில் தக்காளி விற்கிற அம்மா, "பழத்த அமுக்காத தாயி, காலையிலேருந்து அது எத்தன பேருக்குத்தான் பதில் சொல்லும்" என்றதை அவன் பிடித்தான். ஒரு கண்டக்டர், "உள்ள போங்க, எடமில்லாட்டியும் எங்களுக்கு மனசு இருக்கு" என்றதைப் பிடித்து, ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் வாசலில் வரவேற்பாகப் போட்டான். விராலிமலை ஜல்லிக்கட்டில் மாடு பிடிபட்ட சோகத்தில் ஒருவர், "புடிச்சவனுக்கு அண்டா குடுத்தாங்க, மாட்டுக்கு யாரு ஆறுதல் சொல்றது" என்று புலம்பியதையும் விடவில்லை. கடைக்குக் கூட்டம் சேர்ந்தது. ரபீக் பாய் அவனுக்குத் தனியாக ஒரு மின்விசிறி வாங்கி மாட்டினார்.

கெட்டது என்னவென்றால், நாலு மணியாகியும் ஆறுதான் தேறியிருந்தால் அவனுக்கு உட்கார முடியாது. கால் ஆடும். காரணமே இல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போவான். ஆஸ்பத்திரி வரிசையில் நோயில்லாமல் நிற்பான். டீக்கடையில் யாரோ இருவர் குரலைத் தாழ்த்தினால் இவன் பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து அவர்கள் மடியிலேயே உட்கார்ந்துவிடுவான். பத்தாவது வரி கிடைத்ததும் ஒரு நிம்மதி வரும். அதுவும் ராத்திரிச் சோறு வரைக்கும்தான். விடிந்தால் மறுபடி பூஜ்யம்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மனைவி புவனேஸ்வரி. பேச்சு அவளுக்குத் தானாக வரும். குழம்பு கொதிக்கிறபோது ஒன்று சொல்வாள், துணி மடிக்கிறபோது ஒன்று சொல்வாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் காத்துக் கிடந்தும் கிடைக்காதது வீட்டில் ஐந்து நிமிஷத்தில் கிடைத்தது. "நான் குடும்பம் நடத்துறது ஒங்களோடயா, ஒங்க போனோடயா" என்று அவள் கேட்டதை ஒரு நண்பனின் கல்யாண பேனரில் போட்டான். ஊரே சிரித்தது. அவளும் சிரித்தாள். அவள் ஒன்றும் சிடுமூஞ்சி இல்லை.

போன தை மாதம் அவளுடைய அப்பா ஐயனார் இறந்துபோனார். ஆவுடையார்கோவில் பக்கம் ஊர். செய்தி வந்து இருவரும் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. புவனா அழவில்லை. அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பெண்களெல்லாம் அவளை அழவைக்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை. மத்தியானம், தூக்குவதற்குக் கொஞ்சம் முன்னால், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது போலச் சாதாரணக் குரலில் அவள் கேட்டாள்.

"ஏப்பா, பஸ்ஸு ஏத்திவிட்டுட்டு, போயிட்டு வாரேன்னுட்டு, பெட்டிக்கடச் சந்துக்குள்ள ஒளிஞ்சு நின்னு பஸ்ஸு கெளம்புற வரைக்கும் பாப்பியே. எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? இப்ப எங்க நின்னு பாக்குற?"

சொல்லிவிட்டுத்தான் அவள் உடைந்தாள். கூடியிருந்த அத்தனை பேரும் உடைந்தார்கள். எழிலரசனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினான். பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஒரு சொல் பிசகுவதற்குள் அதைப் போனில் தட்டினான். ரெண்டு சொல்லை முன்பின் மாற்றிப் பார்த்தான், திரும்பப் பழையபடியே வைத்தான். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தான்.

இதை மட்டும் எங்கேயும் போடக்கூடாது என்று அப்போதே முடிவு பண்ணினான். அந்த முடிவு மூன்று மாதம் தாங்கியது.

சித்திரையில் ஜேசிபி வெள்ளைச்சாமி கடைக்கு வந்தார். அவர் அப்பா வீரய்யா காலமாகிப் பதினாறாம் நாள் காரியம் வருகிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேனர் வைக்க வேண்டும்.

"வழக்கமா போடுவீகளே, மண்ணவிட்டு மறஞ்சாலும்னு, அதெல்லாம் வேணாம் தம்பி. படிக்கிறவன் வண்டிய நிறுத்தணும்" என்றார்.

"எழிலு, எடுத்து வுடு. ஒன்கிட்ட இல்லாததா" என்றார் ரபீக் பாய்.

எழில் போனைத் தள்ளிக்கொண்டே போனான். அன்றைக்கென்று எதுவும் ஒட்டவில்லை. ஒன்று சிரிப்பாக இருந்தது, ஒன்று சின்னதாக இருந்தது. தை மாதத்து வரி வந்தபோது விரலால் வேகமாகத் தள்ளினான். கொஞ்சம் கழித்துத் திரும்பி வந்தான். பேச்சுத் தமிழை மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? பேரா இருக்கிறது அதில்? புவனா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாதம் ஒருமுறை போனால் அதிகம். வெள்ளைச்சாமி வேறு கடிகாரத்தைப் பார்த்தார். அவன் அடித்துவிட்டான்.

'பஸ் ஏற்றிவிட்டு மறைந்து நின்று பார்ப்பாயே அப்பா, இப்போது எங்கே நின்று பார்க்கிறாய்?'

வண்டிகள் நின்றன. பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். போட்டோ எடுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கடைக்குப் போன் பண்ணி அழுதார். எழிலுக்கு ஒரு பக்கம் தலைகால் புரியவில்லை, மறுபக்கம் சோறு இறங்கவில்லை. வீட்டில் புவனா வாசல் பக்கம் போனாலே அவனுக்குப் பக்கென்றது.

மூன்றாம் நாள் அவள் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினாள். தடுக்க ஒரு காரணம் கிடைக்காமல் அவன் வீட்டுக்குள்ளேயே நடந்தான். அரை மணியில் அவள் திரும்பி வந்து பையை மூலையில் வைத்தாள்.

"ஏன் வந்துட்ட?"

"பஸ்ஸு வரல."

அம்மா ஊருக்குப் போக ஏற வேண்டிய அறந்தாங்கி பஸ் இருபது நிமிஷத்துக்கு ஒன்று வரும். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் பிழைத்திருப்பான். "சோறு இருக்கு." "கேஸ் தீந்துருச்சு." "அம்மா போன் பண்ணுச்சு." அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. போனில் தட்டிக்கொள்ள லாயக்கில்லாத சொற்களாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் பேசுகிறாள் என்று, அவள் பாதியில் திரும்பி வந்த நாலாம் நாள்தான் அவனுக்கு உறைத்தது. துணி மடித்தாள், மௌனமாக மடித்தாள். குழம்பு மட்டும் கொதித்தது. நாள் முழுக்க ஊராரின் பேச்சுக்கு அலைகிற பயலுக்குச் சொந்த வீட்டில் பேச்சு இல்லை. அவளை இழந்துகொண்டிருக்கிறோம், இதே வீட்டில் வைத்தே இழந்துகொண்டிருக்கிறோம் என்று அவன் பயந்தான்.

பதினோராம் நாள் மாதாந்திர மின்தடை. கடை மூடல். எழில் வண்டியை எடுத்துக்கொண்டு வெள்ளைச்சாமி வீட்டுக்குப் போனான். காரியம்தான் முடிந்துவிட்டதே, பேனரை இறக்கிக்கொள்ளலாமா என்று கேட்க வேண்டும். வெள்ளைச்சாமி இல்லை. அவருடைய அக்கா சொர்ணம் வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"எதுக்குத் தம்பி எறக்கணும்?"

"இல்லக்கா, வந்து... அது வேற ஒருத்தவங்க சொன்ன வார்த்தக்கா. எங்க வீட்ல சொன்னது, அவுங்க அப்பாவுக்கு. நான் கேக்காம எடுத்துப் போட்டுட்டேன்."

சொர்ணம் காலால் நெல்லை ஒரு சுற்றுத் துழாவினார்.

"அதானே பாத்தேன்" என்றார் பிறகு. "எங்கப்பா என்னய ஒரு நா கூட பஸ்ஸு ஏத்திவிட்டதில்ல தம்பி. நான் கெளம்புறப்ப குடிச்சிட்டுப் படுத்துருப்பாரு. அந்த பேனரப் படிக்கிறப்ப ஏத்திவிட்ட மாதிரி இருக்கு. தெனம் அங்கிட்டுப் போயி ஒருக்கா பாத்துட்டு வாரேன். இன்னும் கொஞ்ச நா இருக்கட்டுமே."

எழில் சரியென்று தலையாட்டினான். தலையாட்டிய அதே நேரத்தில் அவன் கை சட்டைப் பைக்குப் போனது. தெருமுனையில் வண்டியை நிறுத்தி, 'படிக்கிறப்ப ஏத்திவிட்ட மாதிரி இருக்கு' என்று பாதி தட்டிவிட்டான். பிறகுதான் தன் விரலைப் பார்த்தான். சீ என்று இருந்தது. இந்த வியாதிக்கு எந்த ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்பது?

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். காற்றில்லாத வீட்டில் புவனா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவன் எதிரே உட்கார்ந்தான். சொர்ணம் சொன்னதை, தட்டியது தட்டாதது எல்லாவற்றையும், ஒன்று விடாமல் சொன்னான். பேனரை இறக்க முடியவில்லை என்றான்.

அவள் கீரையை உருவிக்கொண்டே கேட்டாள். முடிவில், "இருந்துட்டுப் போகட்டும். பாவம்" என்றாள்.

பதினொரு நாளில் அவள் பேசிய பெரிய பேச்சு அதுதான். அவன் மூச்சு விடுவதற்குள் அடுத்ததைக் கேட்டாள்.

"அன்னிக்கு நான் அழுகையில எந்திரிச்சு ஓடுனீங்கள்ல. பாத்ரூமுக்குள்ள என்ன பண்ணுனீங்க?"

அவன் ஒரு கீரைக் காம்பை எடுத்து ஒடித்தான்.

"மாப்ள தாங்க முடியாம உள்ள போயி அழுகுறாருன்னு சொன்னாங்க. மூஞ்சியெல்லாம் ஈரமா வந்தீங்க. நானும் அப்புடித்தான் நெனச்சேன். மூணு மாசமா, எங்கப்பாவுக்காக இவரு ஒளிஞ்சு நின்னு அழுதாருன்னு நெனச்சு நெனச்சுத்தான் நான் தேறுனேன்." அவள் குரல் ஏறவில்லை. "அழுதீங்களா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. நல்ல பொய்யாகவே சொல்லத் தெரிந்தவன்தான்.

"இல்ல. எழுதிக்கிட்டிருந்தேன்."

அவள் தலையாட்டினாள். கீரைக் காம்புகளை ஒதுக்கி முறத்தில் போட்டாள்.

"அந்தப் போன எடுங்க. நான் சொன்னது எத்தன இருக்கோ, மொதல்லேருந்து வாசிங்க."

போனை எடுத்தான். தள்ளித் தள்ளி மூன்று வருடம் பின்னால் போனான். கல்யாணமான முதல் மாதத்தில் நின்றான்.

"'புது வீட்ல எந்தச் சத்தம் எதுலேருந்து வருதுன்னு தெரியல, அதான் தூக்கம் வர மாட்டேங்குது.'"

"இதச் சொல்லிட்டு ஒங்க மொகத்தவே பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க போன்ல தட்டிக்கிட்டிருந்தீங்க. நான் சொன்னதெல்லாம் ஒங்கள்ட்டதான் சொன்னேன். எழுதிக்கிட்டீங்க. பதிலே சொல்லல. இப்பச் சொல்லுங்க, எதுலேருந்து வருது?"

ஊருக்கெல்லாம் வாசகம் எழுதுகிறவன் திணறினான். "அது... மாடித் தொட்டி. தண்ணி நெறஞ்சா தகரத்துல சொட்டும். பயப்படாத."

"அடுத்தது."

"'ஒரு வெசயத்த ரெண்டாவது தடவ சொல்றப்ப, மொதத் தடவ இருந்த ஆச போயிருது.'"

"அன்னிக்கு என்னத்த ரெண்டாவது தடவ சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"எனக்கும் மறந்துபோச்சு. அடுத்தது."

"'காய்ச்சல்ல கெடக்குறவதான் காய்ச்சலுக்குக் கஞ்சியும் வைக்கணுமா?'"

"ம்."

"தப்புதான் புவனா. நான் வச்சுருக்கணும்."

ஒவ்வொன்றாகப் போனது. சிலவற்றுக்குப் பதில் இருந்தது, பலவற்றுக்கு நாள் கடந்துவிட்டது. ஒன்றுக்கு அவளே சிரித்துவிட்டாள், உடனே நிறுத்திக்கொண்டாள். வெயில் வாசலிலிருந்து நகர்ந்து சுவருக்கு வந்தது. கீரை முழுக்க உருவியாகிவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. அவனுக்கும் கால் ஆடவில்லை. வாசிக்க வாசிக்கத் தை மாதம் நெருங்கி வருவது இருவருக்கும் தெரிந்தது. அந்த வரி வந்ததும் அவன் அதைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

"அத வாசிக்காதீங்க" என்றாள் புவனா. "அது ஒங்கள்ட்ட சொன்னதில்ல."

அவன் போனைக் கவிழ்த்துத் தள்ளி வைத்தான். அப்போதுதான் அவள் முகம் கோணியது. அப்பா போன அன்றைக்கு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது போல, வாய்விட்டு அழுதாள். எழிலரசன் எழுந்து எங்கேயும் போகவில்லை.