பித்தளைக் கொம்பு பிடித்த குன்று

மலைக்கு வந்ததிலிருந்து இவ்வளவு சூடான எதையும் பெலோப்பிதாஸ் பார்த்ததில்லை. இத்தாலியர்களின் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அண்டா நிறைய மக்ரோனி தளதளவென்று கொதித்தது. ஆனால் முகாமில் ஈ காக்காய் இல்லை.

அல்பேனிய மலைகளில் அது 1940 டிசம்பர். அவனுடைய கிரேக்கக் காலாட்படைப் பட்டாலியன் வாரக்கணக்கில் பனியில் ஏறி, ஏறிய இடத்திலிருந்தெல்லாம் படையெடுத்து வந்த இத்தாலியர்களைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தது. காய்ந்த ரொட்டியும் உலர் திராட்சையும் தின்றுகொண்டு எப்படித் தள்ளுகிறோம் என்பது அவர்களுக்கே புரியவில்லை. அன்று காலை எதிர்க்குன்றில் சத்தமே இல்லை. வேவு பார்க்க மேஜர் தெயாகெனிஸ் இரண்டு பேரை அனுப்பினார். ஒருவன் வோலோஸ் துறைமுகத்தில் மீன் விற்ற பெலோப்பிதாஸ், மற்றவன் அவன் தங்கை புருஷன் ஆர்கிரிஸ். குன்று காலியாக இருந்தால் வெள்ளைத் துணியை ஆட்ட வேண்டும்.

"துணியை ஆட்டு மச்சான்," என்றான் ஆர்கிரிஸ், வாய் நிறைய மக்ரோனியோடு.

"இந்த மூடுபனியில என் கையே எனக்குத் தெரியல. துணி யாருக்குடா தெரியும்?"

அடுத்த கூடாரத்தில் பேண்டு வாத்தியங்கள் கிடந்தன. எக்காளம், முரசு, ஒரு ஆளையே சுற்றி வளைத்துக்கொள்ளும் பெரிய பித்தளைக் கொம்பு. மீன் வந்துவிட்டது என்று தெருத்தெருவாகச் சங்கு ஊதியவன் பெலோப்பிதாஸ். அவனுக்கு உதடு துறுதுறுத்தது. கொம்பின் வளையத்துக்குள் தலையை நுழைத்து, மூச்சைப் பிடித்து ஊதினான்.

பிரசவத்தில் இருக்கும் எருமை போல ஒரு சத்தம் எழுந்தது. கீழே பட்டாலியன் மொத்தமும் பனியில் குப்புற விழுந்தது. அவன் மறுபடியும் ஊதினான்.

"நிறுத்து! மாதாவே, நிறுத்து!"

விறகுக் கொட்டகையிலிருந்து ஒரு குண்டு மனிதர் ஓடிவந்தார். பின்னால் ஆறேழு இத்தாலியச் சிப்பாய்கள் கையைத் தூக்கியபடி வந்தார்கள். அவரும் கையைத் தூக்கித்தான் இருந்தார், ஆனால் காதைப் பொத்துவதற்கு.

ஆர்கிரிஸ் கரண்டியைப் போட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுத்தான். "கையை மேல தூக்கு!"

"கையை எடுத்தா காது கேக்குமே! முதல்ல அவனை நிறுத்தச் சொல்லு!"

அந்தக் குண்டு மனிதர் பேண்டு மாஸ்டர் எவாரிஸ்தோ. இத்தாலி ஆண்ட கிரேக்கத் தீவான ரோட்ஸில் பல காலம் இருந்தவர். கிரேக்க மொழி சரளமாக வந்தது.

"ஏன்யா நீங்க மட்டும் ஓடல?" என்று கேட்டான் பெலோப்பிதாஸ்.

"அந்தக் கொம்பைத் தூக்கிட்டு எங்க ஓடறது? விட்டுட்டுப் போகவும் மனசு வரல. நீங்க சாப்பிட்டுட்டுப் போயிடுவீங்கன்னு ஒளிஞ்சிருந்தோம். நீ அதை வாயில வச்சுட்டியே, பாவி! கன்னத்தை ஏன் உப்புற? உதட்டை இறுக்கு!"

கத்தி பொருத்திய துப்பாக்கிகளோடு பட்டாலியன் பின்தொடர, மூடுபனியைக் கிழித்துக்கொண்டு மேஜர் மேலே வந்தபோது, எதிரி கற்றுக்கொடுக்க, அவருடைய சிப்பாய் உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"இங்க எருமையை அறுத்தது யாருடா?"

"நான்தாங்கய்யா. குன்றைப் பிடிச்சாச்சு."

மேஜர் அண்டாவைப் பார்த்தார், கொம்பைப் பார்த்தார், காதைப் பொத்திய கைதியைப் பார்த்தார். மீசை நடுங்கியது. பிறகு பனியில் சப்பென்று உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவர் சிரித்து அந்தப் பட்டாலியன் பார்த்ததே இல்லை. மக்ரோனி தீரும்வரை அந்தச் சிரிப்பு கூட்டம் முழுக்கச் சுற்றிவந்தது.

மூடுபனி விலகியதும் குன்றின் மறுபக்கம் கீழே கிரேக்கர்கள் வாழும் ஒரு ஊர் தெரிந்தது.

"இப்படிப் பிச்சைக்காரன் மாதிரியா ஊருக்குள்ள போறது? வாசிங்கய்யா," என்றார் மேஜர்.

"எங்க பாட்டை வாசிச்சா நீங்க சுடுவீங்க. உங்க படைப்பாட்டு எங்களுக்குத் தெரியாது," என்றார் எவாரிஸ்தோ.

"கல்யாணப் பாட்டு?"

"ரோட்ஸ்ல நான் வாசிக்காத கல்யாணமா?" அவர் முகம் மலர்ந்தது. கொம்பைத் தூக்கிப் பெலோப்பிதாஸிடமே கொடுத்தார். "ஒரே ஒரு சுரம். நான் தலையாட்டும்போது மட்டும்."

கைதிகள் முன்னே வாசிக்க, பட்டாலியன் பின்னே தள்ளாட, மாப்பிள்ளை ஊர்வலம் போல ஊருக்குள் நுழைந்தார்கள். ஜனங்கள் கதவைத் திறந்து ஓடிவந்தார்கள். யார் ஜெயித்தது, யார் கைதி, எதுவும் அவர்களுக்கு விளங்கவில்லை. கையில் இருந்த அக்ரூட்டையெல்லாம் எல்லார் மேலும் வீசினார்கள். சர்ச் மணி விடாமல் அடித்தது. ஒரு கிழவி எவாரிஸ்தோவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "எங்களைக் காப்பாத்த வந்த ராசா!" என்றாள். அவர் மறுக்கவில்லை.

மேஜர் கைக்குட்டையை உயர்த்தி ஆடத் தொடங்கினார். கைகோத்தவர்களின் வரிசை சதுக்கத்தை வளைத்தது. உறைந்த தண்ணீரில் மேஜர் வழுக்க, அவரைப் பிடித்தவன் வழுக்க, ஒரு கம்பெனியே சரிந்தது. எவாரிஸ்தோ ஆவேசமாகத் தலையாட்டினார். பெலோப்பிதாஸுக்குச் சிரிப்பில் காற்றே வரவில்லை. மரத்துப்போன கால்விரல்கள், நேற்று இரவின் பயம், எதுவும் நினைவில் இல்லை. ஒரு சொட்டு மது குடிக்காமலே தலை கிறுகிறுத்தது.

மறுநாள் அவர்கள் ஏறிய குன்று காலியாக இல்லை. ஆனால் அன்று, கைதிகளை ஏற்றிப்போக வந்த லாரி சதுக்கத்தில் வெகுநேரம் காத்துக்கிடந்தது. அதன் டிரைவரும் வரிசையில் ஆடிக்கொண்டிருந்தான்.