கோப்பை பச்சையான மதியம்

எங்கள் அலுவலகத்தின் சர்வர் கணினித் தலையில் எப்போதும் ஒரு பச்சைப் பொட்டலம் உட்கார்ந்திருக்கும். தேங்காய் மணக்கும் சோளப்பொரி. அது இருந்தால் இயந்திரம் சண்டித்தனம் பண்ணாது என்பது தைபேயில் எங்கள் கணினித் தொழில்காரர்களின் நம்பிக்கை. பச்சையாக இருக்க வேண்டும், காலாவதி ஆகக் கூடாது, யாரும் பிரித்துத் தின்னக் கூடாது. எங்கள் அலுவலகத்தில் இன்னொரு சட்டமும் உண்டு. நிரந்தர ஊழியர்தான் அதன் மேல் பெயர் எழுதலாம். முதலாளி லியாவ் அண்ணன் பெயரும் என் பெயரும் மட்டும் அதில் இருந்தன.

யூஹெங்குக்கு அங்கே பெயர் எழுத அத்தனை ஆசை. பங்குத் தரகு நிறுவனத்தை விட்டு எங்களிடம் தற்காலிகமாகச் சேர்ந்தவன். அவனை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று அன்று மாலை சொல்வதாக அண்ணன் அறிவித்திருந்தார். எனக்கோ அவனை விட மனமே இல்லை.

நாங்கள் பேக்கரிகளுக்கு இணையதளம் நடத்துகிறோம். நிலவுத் திருநாளுக்கான நிலவு கேக்குக்குப் பணம் கட்டியதும் திரையில் நன்றி வந்துவிடும். 'கேக் தயார், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்' என்ற செய்தியை அனுப்புவது போன்ற வேலைகள் பின்னால் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக நடக்கும். அந்த வரிசையை முன்பு வெறும் எண்களாகத்தான் பார்ப்போம். யூஹெங் அதை, அடியில் ஜவ்வரிசி முத்து கிடக்கத் தடித்த குழலால் உறிஞ்சிக் குடிக்கும் முத்து டீக் கோப்பையாக வரைந்துவிட்டான். காத்திருக்கும் வேலை ஒவ்வொன்றும் ஒரு கறுப்பு ஜவ்வரிசி முத்து. முடியும் வேலை குழல் வழியே மேலே ஏறி மறையும். வேகத்துக்கேற்ப டீயின் நிறம் மாறும். கிறுக்குப்பயல், என்ன அழகாக வரைந்திருந்தான்!

நிலவுத் திருநாளுக்கு முந்தைய நாளான அன்றுதான் அதைச் சுவர்த் திரையில் ஏற்றினோம். "இது ஆபீஸா, டீக்கடையா?" என்றார் அண்ணன். யூஹெங்கின் முகம் சுருங்கிவிட்டது. எல்லாருக்கும் நிஜமான முத்து டீ வாங்கி வருவதாகச் சொல்லிக் கிளம்பினான்.

அவன் போன சற்று நேரத்தில் கோப்பை பளிச்சென்று பச்சையானது. அடியில் முத்து குவிந்துகொண்டே போனது.

"பாத்தியா மெய்ரூ, பச்சை! நம்ம பொட்டலத்தோட மகிமை. ஆர்டர் வேற கொட்டுது," என்று அண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். பச்சை என்றால் நலம்தானே? நானும் நிம்மதியாகக் காலை நீட்டினேன்.

யூஹெங் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். திரையைப் பார்த்ததும் டீப் பையை அப்படியே தரையில் வைத்தான்.

"அக்கா! விழுந்துடுச்சு! மொத்தமா விழுந்துடுச்சு!"

"என்னடா விழுந்துச்சு? பச்சையாத்தானே இருக்கு?"

"அதான்க்கா! பச்சைன்னா இறக்கம்! ஒரு செய்திகூடப் போகல!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊர்ப் பங்குச் சந்தையில் ஏறினால் சிவப்பு, இறங்கினால் பச்சை. தரகுக் கடையில் வளர்ந்த கை அதே வண்ணத்தைப் பூசிவிட்டது.

பேக்கரிகள் மூடுவதற்குள் செய்தி போகாவிட்டால் திருநாள் கேக்கெல்லாம் கடையிலேயே கிடக்கும். நாங்கள் குழம்பி நின்றபோது, அவன் திரையில் குழலின் வாயில் சிக்கியிருந்த ஒற்றை முத்தைத் தொட்டான். ஒரு தவறான கைபேசி எண். அதற்கே மறுபடி மறுபடி அனுப்பப் பார்த்து, பின்னால் நின்ற அத்தனையும் முடங்கியிருந்தது. அதைத் தூக்கி ஓரம் வைத்தான். முத்துகள் சரசரவென்று ஏறின. கோப்பை சிவந்தது.

"ஐயோ, சிவப்பு!" என்று அண்ணன் எழுந்தேவிட்டார்.

"சிவப்புன்னா ஏத்தம்ணே. உங்க பங்கெல்லாம் இன்னிக்கு என்ன கலர்?"

அவர் கைபேசியைத் திறந்து பார்த்தார். "எல்லாம் பச்சை," என்றார் அழாத குறையாக. நான் சிரித்தே விட்டேன். யூஹெங் சிரிக்கவில்லை.

"தப்பு என்னுதுதான்ணே. நிறத்தை மாத்திடறேன். அப்புறம்... கிளம்பட்டுமா?"

அண்ணன் பையிலிருந்து ஒரு டீயை எடுத்துக் குழலைக் குத்தினார். உறிஞ்சினார். முத்து சிக்கிக்கொண்டது. குழலை எடுத்துப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"எங்க அடைச்சிருக்குன்னு பாத்ததும் தெரியுது. வெறும் நம்பரா இருந்திருந்தா ராத்திரி வரைக்கும் தேடியிருப்போம்."

மேசை இழுப்பறையிலிருந்து புதிய பச்சைப் பொட்டலத்தையும் பேனாவையும் எடுத்து அவனிடம் நீட்டினார்.

"எழுது. இது காலாவதி ஆகற வரைக்கும் நீ எங்கயும் போகக் கூடாது."

யூஹெங் தேதியைத் திருப்பிப் பார்த்தான்.

"அடுத்த வருஷம் வரைக்கும்தான்ணே இருக்கு."

"அப்ப வேற பொட்டலம் வாங்குவோம்டா, மடையா."