மாக்ரெட் வீட்டு மதில் தூதுவளை

இமெல்டாவின் குரல் போய்விட்டது. விடிந்தால் கோவில் திருநாள். நற்கருணை நேரத்துப் பாட்டைத் தனியாகப் பாடப்போவது அவளா, பாடகர் குழுவில் அவளோடு பாடும் மாக்ரெட்டா என்று கீபோர்ட் வாசிக்கும் கிளைவ் இன்னும் சொல்லவில்லை. கிழமை முழுக்க ஒத்திகையில் ஒருத்தியை ஒருத்தி மிஞ்சிக் கத்தினால், தொண்டை என்ன கருங்கல்லா?

தொண்டைக்கட்டு என்றால் இமெல்டாவுக்குத் தூதுவளைதான். இலையில் முள்ளை ஆய்ந்து, மிளகு, உள்ளி, சீரகத்தோடு இடித்து ரசம் வைத்துக் குடிக்க வேண்டும். ஆனால், யாரும் நடாமலே வளர்ந்த அந்தக் கொடி, கொட்டாஞ்சேனையில் அவர்கள் குடியிருந்த குறுகிய ஒழுங்கையில் ஒரே ஒரு மதிலில்தான் படர்ந்து கிடந்தது. அது மாக்ரெட் வீட்டு மதில்!

இமெல்டா கையால் அந்த மதில் பக்கம் காட்ட, கணவன் ஒஸ்வால்ட் சிரித்தான்.

"போய்க் கேளுமன். உமக்குத்தான் வாய் திறக்க ஏலாதே, சண்டையும் வராது."

மனுசனுக்கு வீட்டு அமைதி நன்றாகப் பிடித்துப்போயிருந்தது.

வெட்கத்தை விட்டுப் போனாள். போனால், கொடி மொட்டையாக நிற்கிறது. மருந்துக்குக்கூட ஓர் இலை இல்லை. தனக்குக் கிடைக்கக் கூடாதென்றே பாவி பறித்து எறிந்திருக்கிறாள் என்று இமெல்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேற்றைத் தட்டினாள். மாக்ரெட் வந்ததும் நாலு கேள்வி கேட்க வாயைத் திறந்தாள். வெறும் காற்றுத்தான் வந்தது. பதில் சொல்ல மாக்ரெட்டும் வாயைத் திறந்தாள். அங்கேயும் காற்றுத்தான்.

பிறகு சிரிப்பு வந்ததே ஒரு சிரிப்பு! சத்தமே இல்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரும் சிரித்தார்கள். மாக்ரெட் அவளைக் குசினிக்குள் இழுத்துப்போய், தனக்கென்று வைத்த ரசத்தில் சரிபாதியைக் கோப்பையில் ஊற்றி நீட்டினாள். இமெல்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகுக் காரம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை கிளைவ் இருவரையும் பாடிக் காட்டச் சொன்னான். இமெல்டாவுக்குக் கீழ்க்குரல் வந்தது, மேலே போனால் உடைந்தது. மாக்ரெட்டுக்கு மேலே கணீரென்று வந்தது, கீழே ஒன்றுமில்லை.

"ஐயோ, ரெண்டு பேரையும் சேர்த்தால்தான் எனக்கு ஒரு ஆள்," என்று கிளைவ் தலையில் கைவைத்தான்.

"அப்ப சேர்ந்தே படிக்கிறம்," என்றாள் இமெல்டா, கரகரத்த குரலில்.

பூசையில் பாட்டு மேலே ஏறும் இடம் வந்தது. இத்தனை வருடமும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்காத இடம். இமெல்டா வாயை மூடிக்கொண்டாள். மாக்ரெட்டின் குரல் கூரை வரை எழுந்தது. அடேயப்பா, இவ்வளவு அழகாகவா பாடுகிறாள் இவள்! இத்தனை ஒத்திகையில் பக்கத்திலேயே நின்றும் ஒரு நாள்கூட இதைக் கேட்கவில்லையே என்று நினைத்தபோது, இமெல்டாவுக்கு வெட்கமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன.