அட்டெண்டர் யாரு?

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஹிவோத், ரோட்டைக் கடக்கும்போது முதலில் இடது பக்கம்தான் பார்ப்பாள். அவளுடைய எத்தியோப்பியாவில் வண்டிகள் வலது ஓரமாகப் போகுமாம். அங்கே பழகிய கழுத்து, இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகியும் மாறவில்லை. முப்பத்து நாலு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதில் எனக்கு அலுப்பே கிடையாது. "முதல்ல வலது பக்கம் பாருடி" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! எல்லாம் காற்றோடு போயிற்று. புரட்டாசி மாதம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், அடையாறில் தோல் பதனிடும் படிப்பு வகுப்பை முடித்துக்கொண்டு வந்தவள், கச்சேரி ரோட்டில் மெட்ரோ வேலைக்கு அடைத்திருந்த தகரத்தை ஒட்டி நின்று இடது பக்கம் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. காலை எடுத்து வைத்தாள். வலது பக்கத்திலிருந்து தௌசீஃப் வந்தான்.

தௌசீஃப் தி.நகரில் அப்பாவோடு திரைச்சீலைக் கடை வைத்திருக்கும் பையன். ஸ்கூட்டர் முன்னால் துணிக் கட்டை வைத்துக்கொண்டு போனவன் இவள் மேல் மோதிவிட்டான். கூட்டம் கூடி அவனை நாலு சாத்து சாத்தத் தயாராக இருந்ததாம். கீழே விழுந்து கிடந்தவள்தான் "மை மிஸ்டேக், மை மிஸ்டேக்" என்று கத்தி அவனைக் காப்பாற்றியிருக்கிறாள். வண்டியை அங்கேயே போட்டுவிட்டு, அவளை ஆட்டோவில் தூக்கி உட்கார்த்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் அவன்தான்.

செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது கவுண்ட்டரில் இருந்த பெண் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பேஷண்டுக்கு அட்டெண்டர் யாரு?"

"நான்தாம்மா இடிச்சேன்" என்றான் அவன், பரிதாபமாக.

"இடிச்சது யாருன்னு கேக்கல. கூட இருந்து பாத்துக்கிறவங்க யாரு?"

"நான்" என்றேன்.

"என்ன உறவு?"

வீட்டுச் சொந்தக்காரி என்றால் அதற்கு வேறு ஃபாரமாம், ஃபாரினர் ஆபீஸுக்கு வேறு ஒரு கடிதமாம். உள்ளே அந்தப் பெண் வலியில் முனகுவது கேட்டது. பேனாவைப் பிடுங்கி, உறவு என்ற கட்டத்தில் 'அம்மா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கவுண்ட்டர் பெண் ஃபாரத்தைப் பார்த்தாள், என் நெற்றி விபூதியைப் பார்த்தாள், முத்திரையைக் குத்தினாள். என் வாழ்நாளில் நான் எழுத்தில் சொன்ன முதல் பொய் அது.

இடது காலில் முட்டிக்குக் கீழே முறிவு, இடது மணிக்கட்டில் விரிசல். இரண்டுக்கும் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். தௌசீஃபும் அவன் சிநேகிதன் ஒருவனும் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிப் போனார்கள். இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை, அவன் அம்மா அஸ்மத்துன்னிசா எலும்பு கூடுவதற்கென்று ஒரு ஃபிளாஸ்க் நிறைய ஆட்டுக்கால் சூப் கொடுத்தனுப்பினாள். முட்டைகூட நுழையாத வீடு இது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு, "வெளிப்படி வழியா எடுத்துண்டு போ" என்றேன். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"இன்னா மாமி, புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அவங்களுக்கு நோன்பாம். கறியும் தொட மாட்டாங்களாம், பாலும் தொட மாட்டாங்களாம். நீங்களும் குடிக்க மாட்டீங்க. இத்த நான் இன்னா பண்றது?"

"நீயே குடி. நீயும்தான் ஆடிப் போயிருக்கே" என்றேன். படியில் உட்கார்ந்து முழுவதையும் குடித்துவிட்டுப் போனான். அன்றைக்கு ரொம்ப நாளைக்கு அப்புறம் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ரொம்ப நாளைக்கு அப்புறம் என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. என் பிள்ளை நிரஞ்சன் ஒன்பது வருஷமாகக் கனடாவில் இருக்கிறான். ஒண்டி ஆள். அவன் அப்பா சந்திரமௌலி காலமாகி நாலு வருஷம். ஒவ்வொரு ஆவணியிலும் அப்பாவின் திதிக்கு வந்துவிடுவான். பதினைந்து நாள் இந்த வீட்டில் அவன் குரல் கேட்கும். மீதி முந்நூற்றைம்பது நாளும் அந்தப் பதினைந்து நாளுக்காகத்தான் நான் காலண்டர் கிழிக்கிறேன். இந்த வருஷம் அவன் வரவில்லை. "லீவு கெடைக்கலைம்மா" என்றான். எனக்கு வந்ததே கோபம்!

"அப்பாவுக்கு ஒரு நாள் எள்ளும் தண்ணியும் விட உனக்கு லீவு இல்லியா? பெத்தவா வேண்டாம்னு ஆயிடுத்துன்னா நேரா சொல்லிடு" என்று கத்தினேன்.

அதற்கு அவன், "உன் முட்டி வலி எப்படிம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அதற்கு அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு அவன் போன் வந்தால், நான் உர்ரென்று 'ம்' கொட்டுவேன்; முட்டி வலியைப் பற்றிக் கேட்டால் மட்டும் மனசு இளகிப் பேசிவிடுவேன். போனை வைத்த பிறகு அவன் முகத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தூக்கம் வராது. அவன் தலையில் ஒரு தடவை எண்ணெய் தேய்த்துவிட்டால் போதும் என்று கை துறுதுறுக்கும்.

விபத்து நடந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹிவோத் என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். நாங்கள் பேசுவது ஆங்கிலம்தான். இங்கே தமிழாகவே எழுதிவிடுகிறேன்.

"மாமி, நாலு மணிக்கு எங்கம்மா வீடியோவில் வருவாள். நீங்கள் போனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். என் முகம் மட்டும் தெரியணும். கழுத்துக்குக் கீழே இறங்கக் கூடாது."

"அம்மாகிட்ட இன்னும் சொல்லலியா?"

"எங்கள் ஊரில் கெட்ட செய்தியைப் போனில் சொல்ல மாட்டோம். தனியாக இருப்பவர்களிடம் சொல்லவே மாட்டோம். விடியற்காலையில் நாலு பேர் வீட்டுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் சொல்வோம். அம்மா தனியாக இருக்கிறாள். அண்ணன் லாரி ஓட்டப் போயிருக்கிறான். மாசக் கடைசியில் திரும்புவான். அக்கம்பக்கத்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அவன் சொல்வான்."

பொய் சொன்ன பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியே பேர் வாங்கியவள் நான். ஆனாலும் போனை வாங்கிக்கொண்டேன். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, வெள்ளை மேலாடையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, பின்னால் வெறும் சுவர் தெரியும்படி அவளைத் திருப்பி உட்காரவைத்தேன். நாலு மணிக்கு அவள் அம்மா வந்தாள். நெற்றியில் சுருக்கம் விழுந்த, என் வயசுப் பொம்மனாட்டி. மகளைக் கண்டதும் கண்ணை இடுக்கிக்கொண்டு திரைக்குள் எட்டிப் பார்த்தாள். அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டாள். ஹிவோத் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். அம்மா மறுபடி கேட்டாள். ஹிவோத் இந்தத் தடவை பதில் சொல்லவில்லை, திருப்பி ஒன்றைக் கேட்டாள். உடனே அந்த அம்மா தன் வலது கண்ணைத் தொட்டுக் காட்டிப் பேச ஆரம்பித்தாள். பேசினாள், பேசினாள், நிறுத்தவே இல்லை. என் கை வலித்தது. போனை இறக்கவில்லை.

பேசி முடித்ததும் ஹிவோத் தலையணையில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன கேட்டா உங்கம்மா?"

"'ஏன் உட்கார்ந்தே பேசுகிறாய், எழுந்து ஜன்னலைக் காட்டு, வாசல் மரத்தைப் பார்க்கணும்' என்றாள். நான் 'கண் ஆபரேஷன் செய்த இடம் எப்படி இருக்கிறது' என்று கேட்டேன். அம்மாக்களிடம் அவர்கள் வலியைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும் மாமி. நம்மைப் பற்றிக் கேட்டதை மறந்துவிடுவார்கள்."

நான் அங்கேயே, அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

நிரஞ்சன் எப்போதும் சமையலறையில் நின்றுகொண்டுதான் என்னோடு பேசுவான். நான் அனுப்பிய காப்பிப்பொடி டப்பாவின் மேல் போனைச் சாய்த்துவைத்துவிட்டு, அங்கும் இங்கும் நடப்பான், பாலைப் பொங்கவிடுவான், என்னிடம் திட்டு வாங்குவான். அது எப்போது நின்றது? எட்டு வாரமாக நான் பார்ப்பது ஒரு சாம்பல் நிறச் சுவர். அதற்கு முன்னால் கழுத்துவரைக்கும் அவன். "காப்பி போடலியாடா?" என்றால் "முட்டி எப்படிம்மா இருக்கு?" என்பான். நானும் தைலத்தின் பேர்முதல் டாக்டர் சொன்னதுவரை விலாவாரியாகச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு வாரமும். சொன்னதையே.

"மாமி, என்ன ஆயிற்று?"

சொன்னேன். ஹிவோத் தலையணையை விலக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "ஏழு மணிக்குத் தனியாகப் போனை எடுக்காதீர்கள். நான் கீழே வருகிறேன்" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? காலை வெச்சுண்டு எப்படி எறங்குவே?"

ஆறரை மணிக்கு மாடிப்படியில் தொப், தொப் என்று சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தேன். படியில் உட்கார்ந்தபடியே, கட்டுப்போட்ட காலை முன்னால் நீட்டிக்கொண்டு, ஒரு கையை ஊன்றி ஒவ்வொரு படியாக வந்துகொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. திட்டினேன். திட்டிக்கொண்டே பிடித்து இறக்கி, என் சோபாவில் உட்காரவைத்தேன். இடுக்கில் கிடந்த முக்காலியை இழுத்து அவள் காலை அதன் மேல் வைத்தேன்.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. அதே சுவர். அதே கழுத்து.

"அம்மா, சாப்ட்டியா?"

"நிரஞ்சா, எழுந்து நில்லுடா."

"என்னம்மா?"

"எழுந்து நில்லு. உன்னை முழுசா பாக்கணும்."

அவன் பின்னால் இருந்த சுவரைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் அந்தக் குழந்தைச் சிரிப்பைச் சிரித்தான். "உன் முட்டி வலி எப்படிம்மா இருக்கு?"

என் பக்கத்தில் ஹிவோத் என் கையைப் பிடித்தாள். நான் போனைத் திருப்பினேன். முக்காலியில் இருந்த கட்டுப்போட்ட காலைக் காட்டினேன். மணிக்கட்டைக் காட்டினேன். மறுபடி என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"மாடியில இருக்கற பொண்ணுடா. இவளும் அவ அம்மாகிட்ட இப்படித்தான் மூஞ்சியை மட்டும் காட்டிண்டிருக்கா. நான்தான் போனைப் பிடிச்சேன். எனக்குத் தெரியும்டா. காட்டு."

நாற்பது வயது ஆகப் போகிறவன், எட்டு வயசில் கிரிக்கெட் பந்தால் ஜன்னலை உடைத்துவிட்டு நின்றதைப்போல நின்றான், உட்கார்ந்தபடியே. மெல்லப் போனை இறக்கினான். தொடையிலிருந்து கணுக்கால்வரை கறுப்புப் பட்டைகள் போட்ட ஒரு கவசம். கட்டிலை ஒட்டி ஒரு வாக்கர். பக்கத்து ஸ்டூலில் மருந்து, ரொட்டி, ஒரு தண்ணீர்ப் பாட்டில். எட்டு வாரமாக அவனுடைய சமையலறை அதுதான் போலிருக்கிறது.

"எப்போடா?"

"ஆடி வெள்ளிக்குப் பாயசம் பண்ணினேன்னு ஃபோட்டோ அனுப்பினியே, அன்னிக்கு. ஆபீஸுக்குப் போறச்சே ரோட்டைக் க்ராஸ் பண்ணேன். சிக்னல் எனக்குத்தாம்மா விழுந்திருந்தது. திரும்பின கார்க்காரன் பாக்கலை." நிறுத்தினான். "உள்ள ராடு வெச்சிருக்கா. நீ தனியா இருக்கே. எப்படிம்மா சொல்றது?"

பாயசம் நன்றாக இருந்ததா என்று அன்றைக்கு நான் கேட்டிருந்தேன். மறுநாள்தான் ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. அதற்கும் கோபித்துக்கொண்டேன். திதிக்கு வரவில்லையென்று நான் கத்தியபோது, அவன் இந்தக் கட்டிலில், இந்தக் கவசத்தோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். பெத்தவா வேண்டாம்னு ஆயிடுத்தா என்று கேட்ட என் நாக்கை என்ன செய்தால் தகும்!

அழ வேண்டும் போலவும் இருந்தது, அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது. கேட்க ஆயிரம் இருந்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது ஒன்றுதான்.

"ஆஸ்பத்திரியில அட்டெண்டர் யாருன்னு கேட்டாளாடா?"

"இங்க அப்படிக் கேக்க மாட்டாம்மா. யாருக்குத் தகவல் சொல்லணும்னு கேப்பா. அவ்ளோதான்."

"நீ என்ன சொன்னே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எண்ணெய் காணாத அந்தத் தலை திரை முழுக்கத் தெரிந்தது. உச்சியில் இரண்டு நரைமுடி.

"யாருக்கும் வேண்டாம்னேன்."