எல்லாருக்கும் ஒரே தேதி

விடிவதற்குள் நான்கு கொப்பரைகளும் கொதித்துவிடும். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் ரத்தக்கறை விரிப்புகளை அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்து உள்ளே தள்ளுவாள். ஈரத்துணியின் கனம் தோளை இறக்கும். சலவைச் சோடா நகக்கண்ணை அரிக்கும். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு இதே சலவை ஆலை; எங்கள் எல்லாருக்கும் அவள் அக்கா. நீராவிக் குழாய் வெடித்து அவளுடைய மூன்று விரல்கள் மடங்காமல் போனதும் இங்கேதான்.

அன்று காலை சுவரில் 'பணிமூப்புப் பட்டியல்' ஒட்டியிருந்தது. அடியிலுள்ள எட்டுப் பேருக்கு அடுத்த வாரத்திலிருந்து வேலை இல்லை. கடைசி வரியில் அக்கா. என் பெயர் மேலே இருந்தது. உள்ளுக்குள் எழுந்த அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

முதலாளி வந்ததும் அக்கா நேராகக் கேட்டாள்.

"மொதல்ல சேந்தவங்கதானே மேல வரணும், மொதலாளி?"

"கம்பெனி பேரை மாத்தி ஒரு வருஷம் ஆச்சு. புதுக் கம்பெனியில எல்லாருக்கும் ஒரே தேதிதான். அதான் சுறுசுறுப்பைப் பாத்து வரிசை போட்டேன்."

"பேரைத்தானே மாத்துனீங்க? கொப்பரையை மாத்தலையே!"

"மூப்புன்னா என்ன தெரியுமா? கிழடு தட்டுறது. உன் கையைப் பாரு."

"உங்க குழாயில வெந்த கை இது."

பட்டியலில் முதல் பெயர் இஸ்திரிக்காரருடையது. கம்பெனி பெயர் மாறுவதற்கு இரண்டு மாதம் முன்புதான் வந்தவர். வேலையின்றி மூன்று வருஷம் அலைந்தவர். இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"அக்காவுக்கு மேல என் பேரை எழுதாதீங்க."

முதலாளி சிரித்தார். "உனக்கு அம்பத்தாறு, அவளுக்கு நாப்பது. அக்காவாம்!"

"வயசுல நான் மூத்தவன். இங்க அவங்கதான் மூத்தவங்க. அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம்."

"அப்போ நீயும் கிளம்பு!"

யாரோ நீராவியை அடைத்தார்கள். இரைச்சல் அடங்கியது.

"ஒரே நாள்ல சேந்தோம்னு நீங்களே எழுதிட்டீங்க," என்றாள் அக்கா. "போறதும் ஒண்ணாவே போறோம்."

"நாளைக்கே வேற ஆள் வரும்!"

"வரட்டும். கேட்டுல எங்ககிட்ட பேசிட்டு வரட்டும்."

நாற்பத்தொரு பேரும் வெளியே வந்து வாசலில் உட்கார்ந்தோம்.

"வீட்ல என்ன சொல்றதுன்னு தெரியலக்கா," என்றார் இஸ்திரிக்காரர்.

"எனக்குந்தான்," என்று நகர்ந்து அவருக்கு இடம்விட்டாள்.

அழுக்கு மூட்டைகளோடு லாரி வந்தது. டிரைவர் எட்டி எங்களைப் பார்த்தார். உள்ளேயிருந்து முதலாளி கத்திக் கூப்பிட்டார். டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.