அத்தாயி கூண்டில் சொன்னது

மலைமேல் அரியூர் நாட்டில் மிளகு விற்ற காசில் ரோட்டோரமாக ஒரு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தாள் அத்தாயி. புருஷன் போனபிறகு மகள் அருள்மொழியின் படிப்பு அந்த வாடகையில்தான் ஓடியது. சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த தாலுகா அலுவலக எழுத்தர் ஈஸ்வரமூர்த்தி அதில் குடியிருந்தார். முதல் வருஷம் ஒழுங்காகக் கொடுத்தவர், பிறகு நிறுத்திவிட்டார். காலி செய்யச் சொன்னபோது சிரித்தார்.

"கோர்ட்டுக்குப் போய்ப் பாரு. அடிவாரம் காரவள்ளிக்கு எறங்கறதுக்குள்ளயே உனக்கு மயக்கம் வந்துரும்."

மயக்கம் வரத்தான் செய்தது. வளைவுக்கு வளைவு பஸ் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். ஆனாலும் போனாள். வக்கீல் கிருஷ்ணகுமாரி வழக்குப் போட்டார். ஈஸ்வரமூர்த்தி வாய்தா மேல் வாய்தா வாங்கினார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அத்தாயி மலையிறங்கினாள்.

சாட்சி சொல்லவேண்டிய நாள் ஈஸ்வரமூர்த்தி கோர்ட் வராந்தாவில் அவளை ஓரங்கட்டினார்.

"உன் மக காலேஜுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டிருக்கா. அந்த மனு என் மேசையிலதான் இருக்கு. வாடகை பாக்கி இல்லைன்னு சொல்லிட்டுப் போ. இல்லேன்னா அது நகராது."

அத்தாயிக்குக் கிருஷ்ணகுமாரியிடம் சொல்லக்கூட நேரமில்லை. அதற்குள் பெயர் கூப்பிட்டுவிட்டார்கள்.

கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "வாடகையெல்லாம் வாங்கிக்கிட்டீங்கதானே?"

"இல்லீங்க." அவள் நீதிபதியின் பக்கம் திரும்பினாள். "அம்மா, இப்பத்தான் வெளிய வெச்சு இவரு என்னை மெரட்டினாருங்க. பாக்கி இல்லைன்னு சொல்லலேன்னா எம்புள்ளையோட சான்றிதழ நிறுத்திருவாராமுங்க. நான் பொய் சொல்ல மாட்டேனுங்க. நிறுத்தறதுன்னா நிறுத்தட்டும், அதுக்கும் இங்கயே வாரேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தார்.

"அந்த மனு உங்ககிட்டயா இருக்கு?"

"ஆமாங்கம்மா. வந்து... சும்மா பேச்சுக்குத்தான்..."

பாதியில் நின்றது. மிரட்டியதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நீதிபதி அவள் சொன்னதையும் அவர் சொன்னதையும் வரி விடாமல் பதிவு செய்யச் சொன்னார். வெளியே வந்ததும் கிருஷ்ணகுமாரி அத்தாயியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரமே சான்றிதழ் கைக்கு வந்தது. தீர்ப்பு வரத்தான் நாளாயிற்று. பாக்கியைத் தவணையில் கட்டவும், வீட்டைக் காலி செய்யவும் உத்தரவானது.

லாரியில் சாமான் ஏற்றிய அன்று ஈஸ்வரமூர்த்தி சாவியைப் பக்கத்துக் கடைக்காரரிடம் நீட்டினார். அத்தாயி ரோட்டைக் கடந்து வந்து நின்றாள்.

"ஏனுங்க சார், ஊட்டுக்காரி நானு. என் கையில குடுங்க."

கொடுத்தார். எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டடையுமாகக் கிடந்த வீட்டின் ஜன்னல்களை அவள் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள்.